கொள்கையும் சமயோசிதமும்

(கோடைக்கானலில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மலையின்மீது நம் சங்கத்தார் கூடுவது இன்று புதிதன்று. பழனி, ஆயக்குடி, விருபாட்சி முதலிய அடிவாரத்து ஊர்களினின்றும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பூம்பாறை, மன்னவனூர் முதலிய மலைக் கிராமங்களினின்றும் ஆண்டுதோறும் நம்மவர் வருகின்றனர், உறவு விசாரிக்கின்றனர், பெண் பார்க்கின்றனர், கணக்கு வாசிக்கப்படும்போது சிறிது உறங்கவும் செய்கின்றனர். இவ்வாண்டோ ஒருவரும் உறங்கக் கண்டிலேன். காரணம் யாவரும் அறிந்ததே. ஒரு கட்சியின் சார்பாக நம் காரியதரிசி அவர்களுக்கு வந்திருக்கும் கடிதம் இன்னும் விடையின்றி அவருடைய மேசையின்மேல் இருக்கின்றது. கட்சியின் பெயரை ஈண்டு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இத்தகைய கடிதம் எழுதக் கூசும் கட்சி இன்னதென்று சுட்டிக்காட்ட என்னால் இயலவில்லை என்பதே அதற்குக் காரணம்.

கடிதத்தின் சாரம் இது: அடிவாரத்தில் நம் கல்யாண மண்டபத்திற்கு ஒரு மனை பெற்றுத் தருவார்களாம், மலைமீது நம்மவர் உத்தரவின்றிக் கட்டிய வீடுகளையும் விடுதிகளையும் வரன்முறை செய்து தருவார்களாம். பிரதியாக, அடுத்த தேர்தலில் நம் குலத்தார் வோட்டு முழுவதும் அக்கட்சியின் அபேட்சகருக்கே என்று சங்கம் தீர்மானித்து, நம் மாதப் பத்திரிகையில் அத்தீர்மானத்தைப் பிரசுரம் செய்ய வேண்டுமாம். நிர்வாக சபையார் இரு பிரிவாய் நிற்கின்றனர். ஒரு பிரிவினர், கொள்கை சோறு போடாது என்கின்றனர். மற்றவர், கொள்கையை விற்றுண்ணும் சோறு செரிக்காது என்கின்றனர். இவ்விரண்டு வாக்கியங்களும் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றன. ஆயினும் கடிதத்துக்கு விடை எழுத இவை போதா. ஆகவே இப்பொருளைப் பற்றிச் சிறிது விரிவாய்ப் பேசுமாறு அக்கிராசனர் அவர்கள் பணித்தார்கள்.

முதலாவது, சமயோசிதம் என்பது இழிவான சொல் அன்று. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இம்மலையில் உறைபனி விழும் என்று அறிந்தவன், அதற்கேற்ப நடவை முன்பின்னாக மாற்றிக்கொள்கிறான். அவனைக் கொள்கையற்ற உழவன் என்று எவரும் இகழ்வதில்லை. அரசியலிலும் காலம், இடம், துணை என்பவற்றைப் பாராது நடப்பவன் தன் கொள்கையையும் சேர்த்துக் கெடுத்துவிடுவான். எனவே சமயோசிதம் கூடுமா கூடாதா என்பது கேள்வியே அன்று. எதை விட்டுக்கொடுக்கிறோம், யாருடைய பொருளை விட்டுக்கொடுக்கிறோம், யாவரும் அறிய விட்டுக்கொடுக்கிறோமா என்பவையே கேட்கத்தக்கவை.

இவ்வூரிலேயே இதற்கு ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. நம்முள் வயது முதிர்ந்தோர் சிலர் அதனை நினைவில் வைத்திருக்கக்கூடும். காஷ்மீரத்துத் தலைவர் ஷேக் அப்துல்லா 1965ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹஜ் யாத்திரை முடித்து டில்லியில் வந்திறங்கியவுடன் பிடிக்கப்பட்டு, முதலில் உதகமண்டலத்திலும் பின்னர் இக்கோடைக்கானலிலும் காவலில் வைக்கப்பட்டார். கோஹினூர் என்னும் மாளிகை அவருக்குச் சிறையாயிற்று. மாளிகையாயினும் சிறை சிறையே. அவர் 1953 ஆகஸ்டில் காஷ்மீரத்தின் பிரதம மந்திரி பதவியினின்று நீக்கப்பட்டுச் சிறை புகுந்தவர். இடையிற் சிறிது காலம் நீங்கலாக 1964 ஏப்ரல் வரையில் காவலிலேயே இருந்தவர். தம் மக்களின் எதிர்காலத்தை அம்மக்களே தீர்மானிக்க வேண்டுமென்பது அவர் கூறி வந்த கொள்கை. அக்கொள்கை சரியா பிழையா என்பதை இக்கூட்டத்தில் ஆராயப் புகுவேனாகில் இரவு உணவு ஆறிப்போம். அதன்பொருட்டு அவர் கொடுத்த விலை மெய்யானது என்பதை மட்டும் சொல்லுகிறேன். 1967இல் காஷ்மீரத்தில் தேர்தல் நடந்தபோது அவர் காவலில்தான் இருந்தார்; அங்கே ஆளுங்கட்சியின் அபேட்சகர் பலர் போட்டியின்றியே தெரிந்தெடுக்கப்பட்டனர். அவரை விடுவிக்க வேண்டுமென்று ஜெயப்பிரகாஷ் நாராயணர் 1966இல் இந்திரா காந்தி அம்மையாருக்கு எழுதினார். 1968 ஜனவரியிலேதான் விடுதலை வாய்த்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு உரியது. 1974 நவம்பரில் அவர் சார்பில் மிர்சா அப்சல் பேக்கும், இந்திரா அம்மையார் சார்பில் ஜி. பார்த்தசாரதியும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். இந்தப் பார்த்தசாரதி, அரசியல் சட்டத்தின் 370ஆம் பிரிவை வரைந்த என். கோபாலசாமி ஐயங்காரின் புதல்வர். பொதுஜன வாக்கெடுப்பு என்ற பழைய கோரிக்கை கைவிடப்பட்டது. 1975 பிப்ரவரி 25ஆம் தேதி ஷேக் அப்துல்லா முதல் மந்திரியானார். சட்டசபையில் அவருக்கென்று கட்சியில்லை. தம்மைச் சிறையிட்ட காங்கிரஸின் அங்கத்தினரே அவரைத் தாங்கி நின்றனர். 22 ஆண்டுகள் காத்த கொள்கையை ஒரு நாற்காலிக்கு விற்றார் என்று சிலர் தூற்றினர். பயனற்ற பிடிவாதத்தை விட்டு மக்களுக்கு ஆவன செய்ய முன்வந்தார் என்று சிலர் போற்றினர்.

யான் யாது கருதுகிறேன்? அவர் விட்டுக்கொடுத்தது பெரிது, பெற்றது சிறிது. ஆயினும் உடன்படிக்கையின் வாசகம் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. இன்னது விட்டேன், இன்னது பெற்றேன் என்பது உலகறிந்த செய்தியாயிற்று. 1977இல் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டபோது அவர் தேர்தலுக்கு நின்றார்; மொத்தம் 76 இடங்களில் அவருடைய கட்சி 47 பெற்றது. தம் விட்டுக்கொடுப்பை ஜனங்களின் முன் கொண்டுபோய் வைத்து அவர்கள் தீர்ப்பைப் பெற்றார். அதற்குமுன் தாமே விலையும் கொடுத்திருந்தார். இவ்விரண்டும் இருந்தமையால், அவரோடு மாறுபடுவோரும் அவரை விலைபோனவர் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம் காரியதரிசியின் மேசைமேலிருக்கும் கடிதமோ, உடன்பாட்டின் முதற்பாதியை இரகசியமாய் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் பத்திரிகையில் பிரசுரம் செய்யச் சொல்லுகிறது. மனை கிடைக்கும் என்பது நமக்கு மட்டும் தெரியும். வோட்டுப் போடுங்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

நிற்க. காஷ்மீரம் நமக்குத் தொலைவு. குலச் சங்கம் ஒன்று அரசியலிற் புகுந்து பேரம் பேசிய சரித்திரம் நம் நாட்டிலேயே உண்டு; நம்மைப் போன்றோர் முக்கியமாய் அறிய வேண்டியது அதுவே. வயது வந்தோர் யாவருக்கும் வோட்டு என்ற விதியின்கீழ் 1952இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. அதற்குமுன் சொத்தும் வரியும் உடையவர்க்கே பெரும்பாலும் வோட்டுரிமை இருந்தது. பெண்களுக்கு 1921இல் சென்னைச் சட்டசபை உரிமை அளித்ததெனினும், சொத்தில்லாத பெண்ணுக்கு அதனால் யாது பயன்? 1952இல்தான் கூலிக்காரனும் அவன் மனைவியும் பண்ணையாரோடு ஒரே வரிசையில் நின்றனர். எண்ணிக்கை மிகுந்து செல்வம் குறைந்த குலங்களுக்கு அஃதொரு புதிய பலம். வட தமிழ்நாட்டு வன்னியகுலத்தார் அதனை முதலில் உணர்ந்தனர். எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும், மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் சென்னைச் சட்டசபையிற் கிடைத்தன. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதாக வாக்களித்துத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் துணையையும் இவ்விரு கட்சியாரும் பெற்றிருந்தனர்.

மொத்தம் 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. அவ்வேளையில் தேர்தலுக்கே நில்லாத ராஜாஜியை மேல்சபைக்கு நியமன அங்கத்தினராக்கி, கவர்னர் ஸ்ரீபிரகாசா மந்திரிசபை அமைக்க அழைத்தார். சட்டத்தில் இடமிருந்தது, முறையென்று சொல்லத்தான் பலருக்கு நா எழவில்லை. மாணிக்கவேலு நாயகர் அம்மந்திரிசபையில் இடம் பெற்றார். தேர்தலில் காங்கிரசை எதிர்த்து வாங்கிய வோட்டு, சில வாரங்களில் காங்கிரஸ் மந்திரிசபையைத் தாங்கும் தூணாயிற்று. படையாட்சியார் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார். 1954இல் காமராஜர் முதல் மந்திரியானபோது அவரும் மந்திரியானார். பின்னர் இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன.

இதனால் அக்குலத்தார்க்கு நன்மை விளையவில்லை என்று யான் கூறமாட்டேன். இரண்டு மந்திரிகள் கிடைத்தனர். இக்குலத்தை இனிப் புறக்கணித்தல் இயலாது என்பதைக் கட்சிகள் கற்றுக்கொண்டன. ஆயினும் ஒன்று நினைமின். தலைவர்கள் பதவி பெற்ற பின்னரும் கல்வியிலும் உத்தியோகத்திலும் அம்மக்கள் கேட்ட பங்கு கிடைக்கவில்லை. 1987இல் சாலைகளை மறித்துப் போராடி உயிர்ப்பலி கொடுத்த பின்பே, 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற வகுப்புக்கு 20 சதவீதம் ஒதுக்கப்பட்டது. இடையிலே 35 ஆண்டுகள்! பேரம் பேசியவர்களுக்கு உடனே கிடைத்தது. பேரத்தின் பொருளாக இருந்தவர்களுக்கு ஒரு தலைமுறை கழித்துக் கிடைத்தது.

அச்சரித்திரத்தின் பிற்பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 26ஆம் தேதி, தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்ட அதே நாளில், அந்த 20 சதவீதத்துள் 10.5 சதவீதம் வன்னியருக்கென்று தனியே ஒதுக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஐகோர்ட்டு அதனைச் செல்லாதென்றது. 2022 மார்ச்சு 31இல் சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது. தனியே பிரிப்பதற்கு வேண்டிய ஆதாரமான புள்ளிவிவரம் காட்டப்படவில்லை என்பது முக்கியமான காரணம். அக்குலத்தாரின் தேவை பொய்யென்று நீதிபதிகள் கூறினாரில்லை. தேவை மெய்யாகவே இருக்கலாம். தேர்தலின் அவசரத்தில் தைத்த சட்டை முதல் மழையிலேயே தையல் விட்டது. நம் வீடுகளை வரன்முறை செய்வதாகச் சொல்லும் கடிதத்தை வாசித்தபோது எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது.

ராஜாஜியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சமயோசிதத்தின் பலத்தையும் அதன் பலவீனத்தையும் அவர் ஒருவருடைய வாழ்விலேயே காணலாம். 1942இல் முஸ்லிம் லீகின் கோரிக்கைக்கு இணங்க வேண்டுமென்று கூறி, கட்சி முழுதும் எதிர்த்த போதும் தம் கருத்தை விடாது காங்கிரஸை விட்டு விலகினார். அது கொள்கை. 1952இல் வோட்டுக் கேளாமலே முதல் மந்திரியானார். அது சமயோசிதம். கம்யூனிஸ்டுகளைத் தம் முதற் பகைவர் என்று 1952இல் வெளிப்படையாய்க் கூறியவர், 1967இல் காங்கிரஸை வீழ்த்தும்பொருட்டுத் திராவிட முன்னேற்றக் கழகத்தோடும் மார்க்சிஸ்டுகளோடும் ஒரே அணியில் நின்றார். அவ்வணி வென்றது. ஆனால் வெற்றிக்குப்பின் அவர் கையில் யாது மிஞ்சியது? 1937இல் சேலத்தில் தாமே தொடங்கிய மதுவிலக்கை, தாம் கைகொடுத்து ஏற்றிய கட்சியின் ஆட்சியே 1971இல் தளர்த்திற்று. தொண்ணூறு வயதைக் கடந்த அம்முதியவர் முதல் மந்திரியை நேரிற் கண்டு வேண்டியும் பயன்படவில்லை. கூட்டுச் சேரும்போது எது கூடாது என்று எழுதி வாங்காத கூட்டு அத்தகையதே. நம்மினும் எவ்வளவோ கூரிய புத்தி படைத்தவருக்கே இக்கதியென்றால், நம் நிர்வாக சபையார் எம்மாத்திரம்? அவர்கள் மன்னிப்பார்களாக.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1954இல் காமராஜர் முதல் மந்திரியாகிக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, பல்லாண்டுகளாகக் காங்கிரஸை எதிர்த்து வந்த பெரியார் அவரை ஆதரித்தார். திராவிட முன்னேற்றக் கழகமும் போட்டியிடவில்லை. குலக்கல்வி என்று அவர்கள் கண்டித்த ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம் ஒழிய வேண்டும் என்பதே நோக்கம், அது ஒழிந்தது. கட்சியை மாற்றிக்கொண்டார்களேயன்றிக் கோரிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் கேட்டது தங்களுக்கு ஒரு மனையும் அன்று.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். திண்டுக்கல் அப்பொழுது மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. தனி ஜில்லாவானது 1985இல். 1973 மே மாதம் 20ஆம் தேதி திண்டுக்கல் பார்லிமெண்டுத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அண்ணா தி.மு.க. பிறந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. வக்கீல் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாவது, ஆட்சியிலிருந்த தி.மு.க. மூன்றாவது. அச்சின்னம் முதன்முதலாக வென்றது நம் தொகுதியிலேதான் என்று நம்மவர் இன்றும் பெருமை பேசுவதுண்டு. 1977இலும் அவரே அக்கட்சியின் சார்பில் வென்றார். 1980 ஜனவரியில் அதே மாயத்தேவர், அதே திண்டுக்கல்லில், உதயசூரியன் சின்னத்தில் நின்றார், வென்றார். எதனைத் தோற்கடித்து முதலிற் புகழ்பெற்றாரோ அதன் அபேட்சகராகவே பார்லிமெண்டுக்குச் சென்றார்.

இதில் அவரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. அத்தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் ஒரே அணி. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. மந்திரிசபையைக் கலைத்ததும், அக்கட்சியின் தலைவர்களை மிசாச் சட்டத்தில் சிறையிட்டதும் அதே இந்திரா அம்மையாரின் அரசாங்கம். நான்கு ஆண்டுகளில் காயமும் ஆறிற்று, கையும் கோத்தது. நாட்டில் 39 தொகுதிகளுள் 37 அவ்வணிக்குக் கிடைத்தன. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். மந்திரிசபை கலைக்கப்பட்டது, மே மாதத்துச் சட்டசபைத் தேர்தலில் ஜனங்கள் அவரையே மீண்டும் பெரும்பான்மையோடு அனுப்பினர். ஐந்து மாதங்களுக்குள் அவ்வளவு மாற்றம்! டில்லிக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர் என்று குடிமகன் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டான். கட்சித் தலைவர்களும் குலத் தலைவர்களும் தன் வோட்டைக் கட்டி எடுத்துப் போக அவன் இடங்கொடுக்கவில்லை. நம் சங்கத்தின் தீர்மானத்தை நம் இளைஞர்கள் அப்படியே பின்பற்றுவார்கள் என்று நினைப்போர் இதனைச் சிந்திப்பாராக. கொடுக்க முடியாததைக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளுதலும் ஒருவகைப் பொய்தான்.

கட்சி தாவும் அங்கத்தினரைத் தண்டிக்க 1985இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. எனினும் அது தனி அங்கத்தினரையே கட்டுப்படுத்தும். தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறும் கட்சியை அது தொடுவதில்லை. குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒரு முறை பூக்கின்றது. 2018இல் பூத்தது, இனி 2030 என்று நாள் குறித்துக் காத்திருக்கலாம். அரசியற் கூட்டணிகளுக்கு அந்த ஒழுங்குகூட இல்லை.

இனிக் கடிதத்தின் இரண்டாம் வாக்குறுதிக்கு வருகிறேன். பலர் மனத்தை உறுத்துவது இதுவே; என் மனத்தையும் உறுத்துகின்றது. மலைமீது இத்தனை மாடிக்குமேல் கட்டலாகாது, இன்ன சரிவில் கட்டலாகாது என்று விதிகள் உள்ளன. 1993இல் இவ்வூருக்கென்று ஒரு பெருந்திட்டமும் வகுக்கப்பட்டது. விதியை மீறினோர் பெருமுதலாளிகள் மட்டும் அல்லர். விருந்தாளிகளுக்கென்று இரண்டு அறை கூட்டினவர், மகன் கல்யாணத்துக்கென்று மேலே ஒரு மாடி எடுத்தவர் என நம்மவரும் உளர். அவர்கள் யாவரும் கெட்டவர் அல்லர். விண்ணப்பம் போட்டு ஆண்டுக்கணக்காய்க் காத்து, சலித்துக் கட்டினவர்களும் உண்டு. ஆகவே எவர் வரன்முறை செய்வதாகச் சொல்லுகிறாரோ அவருக்கே வோட்டு என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

எனினும் இவ்வூரில் விதியை ஒருவர்பொருட்டு வளைத்தபோது யாது நிகழ்ந்தது என்பதை நாடே அறியும். 1994 மே மாதத்தில், இங்குள்ள பிளெசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு ஏழு மாடிகள்வரை விதிவிலக்களித்து அரசாங்கம் உத்தரவு பிறப்பித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கழகத்தார் வழக்குத் தொடுத்தனர். ஐகோர்ட்டு அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. 1995இல் சுப்ரீம் கோர்ட்டிலும் ஓட்டலாருக்கு வெற்றி கிட்டவில்லை. விதிவிலக்கு அளித்ததுபற்றிய குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2ஆம் தேதி தனிக்கோர்ட்டு முன்னாள் முதல் மந்திரி ஜெயலலிதா அவர்களுக்குத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் ஐகோர்ட்டு அவரை விடுவித்தது. வழக்கு அவ்வாறு முடிந்தது. ஆயின் தண்டனை விதித்த அன்று தர்மபுரிக்கு அருகில் கலகக்காரர் ஒரு பஸ்ஸுக்குத் தீயிட்டனர். கோயமுத்தூர் விவசாயக் கல்லூரி மாணவியர் மூவர் அதில் மாண்டனர். இந்த மலையில் ஒரு கட்டடம் எத்தனை மாடி இருக்கலாம் என்று தொடங்கிய வழக்கு, இதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மூன்று பெண்குழந்தைகளின் உயிரில் வந்து முடிந்தது. அவர்களை ஈன்றவர்களுக்கு எந்தத் தீர்ப்பும் ஈடாகாது.

விதிவிலக்கு அளிக்கும் உத்தரவு மந்திரியின் கையெழுத்தால் நிற்பதில்லை என்பதும் இதனால் விளங்கும். நம்மவர் வீடுகளுக்கு மெய்யாகவே நியாயம் வேண்டுமாயின், மலைக்கிராமங்களுக்கு ஏற்ற விதிகள், குறித்த தவணைக்குள் விண்ணப்பத்துக்கு விடை, சரிவும் நீரோட்டமும் பார்த்துச் செய்யும் பரிசோதனை என்று மலைவாழ் மக்கள் யாவருக்குமாகக் கேட்க வேண்டும். நம் குலத்தார் வீட்டுக்கு மட்டும் விலக்கு வாங்கினால், அடுத்த வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போவான். அவன் போவது நியாயமும் ஆகும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதியின் பெயரால் வோட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. அபேட்சகரின் சாதியை மட்டுமன்றி வோட்டாளரின் சாதியைச் சுட்டிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்புரைத்தனர். வோட்டுக்குப் பிரதியாகப் பொருள் கொடுப்பதும் வாங்குவதும் அப்பிரிவில் ஏற்கெனவே உள்ளவை. ஊரெல்லாம் மீறுகிறார்களே என்பீர்கள். மீறட்டும். நம் பத்திரிகையில் அச்சிட்டு நாமே சாட்சியம் கொடுக்க வேண்டுமா?

நம்முள் பெரியவர் ஒருவர் நேற்று என்னிடம் கூறியது இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. “தம்பி, நாம் சிலபேர். சிதறிப் போட்டால் எவன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான்? சேர்ந்து நின்றதால்தான் நம் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது” என்றார். இதற்கு எளிதான விடை என்னிடம் இல்லை. சிறு கூட்டத்தார்க்கு ஒற்றுமையே ஆயுதம் என்பது மெய். அவர் சொன்ன குழாயும் மெய். யானும் அதன் நீரைக் குடித்தவனே. ஆனால் அக்குழாய் ஊருக்கே வந்தது. எல்லாக் குலத்தாரும் அதில் குடம் வைத்தனர். சென்ற முறை நாம் மண்டபத்து மனைக்காகச் செய்த ஏற்பாடு யாதாயிற்று என்பதையும் அப்பெரியவர் அறிவார். அபேட்சகர் வென்றார், மனை வரவில்லை. மனை வராததினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதன்பின் நம் இளைஞர் பலர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினர். அவர்களுள் ஒருவன் என் தம்பி மகன். “சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் என்னைக் கேளாமலே என்னை விற்றுவிட்டார்கள்” என்றான். அன்று யானும் நிர்வாக சபையில் இருந்தேன். கை தூக்கினவர்களுள் ஒருவன். அவனுக்கு விடை சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. பெண்களையோ அன்று ஒருவரும் கேட்கவே இல்லை. சபையிலிருந்தோர் பதினைந்து ஆண்கள். வாக்களிக்கப்பட்டவற்றில் பாதி பெண்களின் வோட்டு.

நம் அடிவாரத்து விருபாட்சியை நினைத்துப் பாருங்கள். கணவனையும் நாட்டையும் கும்பினிப் படையிடம் 1772இல் இழந்த சிவகங்கை வேலு நாச்சியாருக்கு, விருபாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் புகலிடம் அளித்தார். நாச்சியார் வேறு குலம். நாயக்கர் வேறு குலம். துரத்தப்பட்டு வந்தவளுக்கு இடம் கொடுப்பதால் நாயக்கருக்கு உடனடியாக லாபம் யாதும் இல்லை, ஆபத்தோ மிகுதி. எட்டாண்டுகள் காத்து 1780இல் நாச்சியார் தம் நாட்டை மீட்டார். அந்நாயக்கர் பின்னர்க் கும்பினியாரை எதிர்த்துத் திண்டுக்கல் கூட்டணிக்குத் தலைவராகி 1801இல் தூக்கிலிடப்பட்டார். குலத்தின் பெருமையை மேடைதோறும் பேசும் நாம், அக்குலத்துக்கு அப்பால் அவர் கொடுத்த புகலிடத்தாலேயே அவருடைய பெயர் இந்நாட்டில் நிற்கின்றதென்பதை மறக்கலாகாது.

அந்த மனை நமக்கு வேண்டாமா எனில், வேண்டும். அது போய்விட்டால் நம் வீட்டுக் கல்யாணங்களை இன்னும் சில ஆண்டுகள் பிறர் மண்டபத்தில் வாடகை கொடுத்து நடத்த வேண்டும். இதனால் நமக்கு நஷ்டமே இல்லை என்று பொய் கூறேன். நஷ்டம் உண்டு. அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால் எத்தனை ஆண்டில் மனை வாங்கலாம் என்று பொருளாளர் அவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதனைப் பிற்பகலில் வாசிப்பார்கள். கேட்க இனிமையான கணக்கு அன்று. அப்பொழுதும் உறங்காதிருக்குமாறு வேண்டுகிறேன்.

கடிதத்துக்கு விடையாக யான் எழுதிக் கொணர்ந்த வரைவை வாசித்து அமர்கிறேன். திருத்தங்களை நிர்வாக சபையார் கூறலாம். இம்முறை சபைக்கு வெளியே உள்ளோரும், முக்கியமாய்ப் பெண்களும் இளைஞர்களும் கூறலாம்.

“தங்கள் கடிதம் கிடைத்தது. அதனை எங்கள் பொதுக் கூட்டத்தில் முழுவதும் வாசித்தோம். எங்கள் அங்கத்தினரின் வோட்டு அவரவருடையது. அதனைத் தீர்மானத்தாற் கட்ட இச்சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. மனைபற்றிய தங்கள் வாக்குறுதியை ஏற்பதற்கில்லை. மலைக்கிராமங்களின் கட்டட விதிகள், விண்ணப்பத் தவணை, மேல்மலைச் சாலைகள், ஆஸ்பத்திரி ஆகியவற்றைப் பற்றி எல்லாக் கட்சி அபேட்சகர்களுக்கும் கேள்விகள் அனுப்புகிறோம். தங்களுக்கும் ஒரு பிரதி இதனுடன் உள்ளது. தேர்தலுக்கு முன் வரும் விடைகள் யாவும் ஓரெழுத்தும் மாற்றாமல் எங்கள் பத்திரிகையில் பிரசுரமாகும். தங்கள் கடிதமும் அவ்விதழிலேயே பிரசுரமாகும்.”